உலக உருண்டையில் பூ நூல் பிடித்து அளந்த தூரம்

பெங்களூரு அல்சூரிலிருந்து:

எங்கள் குடியிருப்பில் மூன்றாம் மாடியில் இருக்கும் மாமி, மகனைப் பார்க்க சான் பிரான்சிஸ்கோ போய்விட்டு நேரடி விமானத்தில் பெங்களூரு திரும்பினார். வந்ததும் கேட்ட முதல் கேள்வி: "ஏனம்மா, அரபு நாடுகளையும் அட்லாண்டிக்கையும் தாண்டினால்தானே அமெரிக்கா? திரையில் பார்த்தால் விமானம் பனிக்கடல் பக்கம் போகிறதே, எதற்கு இந்தச் சுற்று?"

அவர் வீட்டுச் சுவரில் இருக்கும் உலகப்படத்தில் அளவுகோல் வைத்தால் அப்படித்தான் தெரியும். தட்டைத் தாளை வைத்துக்கொண்டு வாயால் விளக்கிப் பயனில்லை என்று, பேத்தியின் உலக உருண்டையையும் பூக்கட்டும் நூலையும் எடுத்து வரச் சொன்னேன். பெங்களூருவின் மேல் மாமியின் கட்டைவிரல், சான் பிரான்சிஸ்கோவில் என் விரல். நூலை முதலில் அவர் சொன்ன அட்லாண்டிக் வழியாகவே தொய்வாகப் போட்டுவிட்டு, மெல்ல இழுத்தேன். இறுக இறுக அது வடக்கே நழுவி, உச்சியைத் தாண்டி அந்தப் பக்கம் விழுந்து, நேபாளம், திபெத், சைபீரியா, அலாஸ்கா என்று படிந்து நின்றது. மாமி விரலை எடுக்காமல் குனிந்து ஒவ்வொரு பெயராகப் படித்தார்.

நூல் 33 செ.மீ. வந்தது. உருண்டையின் விட்டம் 30 செ.மீ., சுற்றளவு 94. பூமியின் சுற்றளவு ஏறக்குறைய 40,000 கி.மீ. என்பதால் ஒரு செ.மீ.க்கு 425 கி.மீ.; மொத்தம் 14,000 கி.மீ. சொச்சம். கணக்காகப் போட்டாலும் இதே விடைதான். இரண்டு ஊர்களின் அட்சரேகை, தீர்க்கரேகையைக் கொண்டு பூமியின் மையத்தில் அவற்றுக்கு இடையே உள்ள கோணத்தைக் கண்டுபிடித்தால் 126 டிகிரி வருகிறது. டிகிரிக்கு 111 கி.மீ. என்று பெருக்கிக்கொள்ளலாம். 2021 ஜனவரியில் பெண் விமானிகள் மட்டுமே ஓட்டிவந்த முதல் நேரடி விமானத்தின்போது அறிவிக்கப்பட்ட நேர்த்தூரம் 13,993 கி.மீ. பூ நூலுக்கு இவ்வளவு துல்லியமா என்று எனக்கே மகிழ்ச்சி தாங்கவில்லை.

மர்பி டவுனிலிருந்து:

அருமை, சகோதரி. விமானப் பராமரிப்பில் வேலை பார்த்தவன் என்ற முறையில் ஒன்று சேர்க்கிறேன். நூல் காட்டுவது மிகக் குறைந்த தூரம். விமானம் அதைவிடக் கூடுதலாகவே பறக்கும். திபெத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். விமானத்துக்குள் காற்றழுத்தம் திடீரென்று குறைந்தால் உடனே 10,000 அடிக்கு இறங்க வேண்டும். பயணிகளின் முகமூடியில் வரும் ஆக்சிஜன் சிறிது நேரத்துக்குத்தான். அங்கே தரையின் சராசரி உயரமே 14,000 அடிக்கு மேல், எங்கே இறங்குவது? அதனால் பெரும்பாலான விமானங்கள் அந்தப் பீடபூமியை ஒதுக்கியே போகின்றன.

இன்னொன்று காற்று. விமானங்கள் பறக்கும் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காகப் பலத்த காற்று வீசுகிறது. 2016 அக்டோபரில் டெல்லி–சான் பிரான்சிஸ்கோ விமானத்தை அட்லாண்டிக்கை விட்டு பசிபிக் வழியாக அனுப்பினார்கள். 13,900 கி.மீ.க்குப் பதில் 15,300 கி.மீ.; ஆனாலும் காற்று பின்னாலிருந்து தள்ளியதால் முன்பைவிடச் சீக்கிரமாகவே போய்ச் சேர்ந்தது. கிலோமீட்டரை மட்டும் பார்த்து வழியைத் தீர்மானிக்க முடியாது என்பதற்கு எங்கள் ஆட்கள் இன்றும் இதைத்தான் சொல்வார்கள்.

மாமி அடுத்த முறை போகும்போதும் திரையைப் பார்த்து ஊர்ப்பெயர்களைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். போகிற வழி பெரும்பாலும் வந்த வழியாக இருக்காது.