புதுப்பிப்பு: லாக்டைடு பாலிமரின் மூலக்கூறு எடை ஏன் குறைந்தது

10 கிராம் லாக்டைடை (லாக்டிக் அமிலத்தின் வளைய எஸ்டர்) டின் ஆக்டோயேட் வினையூக்கியும், சங்கிலியைத் தொடங்கிவைக்கும் பென்சைல் ஆல்கஹாலும் சேர்த்து 130 டிகிரியில் பாலிமராக்கினால், 50,000 வரவேண்டிய மூலக்கூறு எடை 12,000தான் வருகிறது என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

வினையூக்கியை மாற்றிப் பார்த்தது வீண். “ஈரத்தைப் பாருங்கள்” என்றவர் சொன்னதுதான் சரி. தண்ணீரும் ஆல்கஹாலைப் போலவே சங்கிலியைத் தொடங்கிவிடும். கணக்குப் போட்டதும் தலையில் அடித்துக்கொண்டேன்: ஆல்கஹால் 0.2 மில்லிமோல், லாக்டைடில் வெறும் 10 மில்லிகிராம் தண்ணீர் இருந்தாலே அது 0.56 மில்லிமோல்! உலர்ந்த டொலுயீனில் இருமுறை மறுபடிகமாக்கி, வெற்றிடத்தில் காயவைத்தேன். இப்போது 46,000.

நீராற்பகுப்போ வளையத்திறப்போ, இங்கே எஸ்டரில் உடைவது ஒரே இடம்தான்: கார்பனைல் கார்பனுக்கும் அதை ஒட்டிய ஒற்றைப்பிணைப்பு ஆக்சிஜனுக்கும் நடுவில். தண்ணீர் வளையத்தைத் திறந்தாலும் சங்கிலி வளரும், ஆனால் ஒரு முனை அமிலமாக இருக்கும். சங்கிலிகளின் எண்ணிக்கை கூடுவதால் ஒவ்வொன்றும் குட்டையாகிவிடும்.

எதிர்பாராதது ஒன்று. பழைய மாதிரியின் என்எம்ஆரை (மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் நிறமாலை) மறுபடி பார்த்தேன். கால்வாசிச் சங்கிலிகளில்தான் பென்சைல் முனை; மீதியைத் தொடங்கியது தண்ணீர். விடை அப்போதே கையில் இருந்திருக்கிறது.

அப்புறம், பீட்டா-புரோப்பியோலாக்டோனுக்கு (நான்கு அணு வளைய எஸ்டர்) இதை அப்படியே பொருத்தாதீர்கள். அங்கே கார்பாக்சிலேட் (கார்பாக்சிலிக் அமிலத்தின் அயனி) தொடங்கிவைத்தால் ஆக்சிஜனின் மறுபக்கத்து ஆல்கைல்-ஆக்சிஜன் பிணைப்புதான் உடையும்.