நிக்கல் ஆக்சைடு மின்முனையில் மின்னோட்டம் குறையாமல் ஏறிக்கொண்டே போகிறது: காரணம் என்ன?

மென்படலம்: நீர்ப்பகுப்பில் ஆக்சிஜன் வெளியேற்றத்துக்காக நிக்கல் ஆக்சைடு படலம் ஒன்றைச் சோதித்து வருகிறேன். நாளடைவில் மின்னோட்டம் குறையும் என்று எதிர்பார்த்தேன். மாறாக, மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கும் ஒவ்வொரு சுழற்சியிலும் கூடுகிறது. நாளை வழிகாட்டியிடம் காட்ட வேண்டும், அவசரம்.

காரக்கரைசல்: மின்பகுளி (மின்னோட்டத்தைக் கடத்தும் கரைசல்) எது, கலம் எதனால் ஆனது, மின்னழுத்தத்தை ஒப்பிட்டு அளக்கும் ஒப்பீட்டு மின்முனை எது என்று எதையும் சொல்லாமல் காரணம் மட்டும் கேட்டால் எப்படி?

மென்படலம்: 1 மோலார் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, சாதாரண ஆய்வகத் தரம். கண்ணாடிக் கலம், ஒப்பீட்டு மின்முனையாக வெள்ளி-வெள்ளி குளோரைடு, மின்சுற்றை முடிக்கும் துணை மின்முனையாகப் பிளாட்டினக் கம்பி.

தண்டுவாளம்: பிளாட்டினம் கரைந்து உங்கள் படலத்தில் படிகிறது. கார்பன் தண்டுக்கு மாறுங்கள்.

காரக்கரைசல்: அது ஹைட்ரஜன் பக்கத்தைச் சோதிப்பவர்களுக்கான எச்சரிக்கை. இங்கே பிளாட்டினம் ஹைட்ரஜனை வெளியிடும் முனையாக இருப்பதால் கரைய வாய்ப்பு குறைவு. படிந்தாலும் ஆக்சிஜன் வெளியேற்றத்துக்கு அது சிறந்த வினையூக்கியன்று.

மூத்தவர்: பழைய ஆய்வுரைகளைப் புரட்டும் வழக்கம் இருந்தால் இக்கேள்வியே எழுந்திராது. மின்பகுளியில் மாசாக இருக்கும் இரும்பு நிக்கல் ஆக்சைடுக்குள் புகுந்து ஆக்சிஜன் வெளியேற்றத்தை விரைவுபடுத்துகிறது என்று ஆய்வாளர் கார்ரிகன் 1987-இலேயே எழுதிவிட்டார். காரம் கண்ணாடியை அரிக்கும்போது அதிலிருந்தும் இரும்பு வரும். மின்னோட்டம்-மின்னழுத்த வளைகோட்டில், ஆக்சிஜன் கிளம்புவதற்குச் சற்று முன்னால் தெரியும் நிக்கல் ஆக்சிஜனேற்ற முகட்டைப் பாருங்கள். இரும்பு ஏறியிருந்தால் அது உயர் மின்னழுத்தத்தின் பக்கம் நகர்ந்து சுருங்கியிருக்கும்.

எடிசன்கலம்: நிக்கல்-இரும்பு பேட்டரிக்காரர்களாகிய எங்களுக்கு இதே இரும்புதான் தீராத தலைவலி. நேர்முனைக்குள் அது புகுந்தால், மின்னேற்றம் நிறைவதற்குள் ஆக்சிஜன் பொங்கத் தொடங்கி, செலுத்திய மின்சாரத்தில் ஒரு பகுதி வீணாகிறது.

தண்டுவாளம்: அப்படியானால் நீர்ப்பகுப்பில் இரும்பு வரம்தானே? ஏன் நீக்க வேண்டும்?

மூத்தவர்: வரமோ சாபமோ, அளந்தது நிக்கல்-இரும்பு ஆக்சைடாக இருக்கும்போது நிக்கல் ஆக்சைடு என்று பெயரிட்டு வெளியிடலாகாது.

எடிசன்கலம்: அதைவிடப் பெரிய தவறு, வலிய காரத்தில் வெள்ளி-வெள்ளி குளோரைடை வைப்பது. பாதரச ஆக்சைடு மின்முனை இருக்கும்போது இது எதற்கு?

காரக்கரைசல்: அது தனி விவாதம், ஒப்பீட்டு மின்முனை விலகினால் வளைகோடு முழுவதும் இடம்பெயரும், முகடு மட்டும் சுருங்காது. தோழி, தூய நிக்கல் நைட்ரேட்டிலிருந்து நிக்கல் ஹைட்ராக்சைடை வீழ்படிவாக்கிக் கழுவி, உங்கள் காரக்கரைசலில் இட்டுக் குலுக்கி ஊறவிடுங்கள். அது இரும்பை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு மையவிலக்கியில் சுழற்றித் தெளிந்த காரக்கரைசலை மட்டும் பிளாஸ்டிக் கலத்தில் ஊற்றி மீண்டும் அளவிடுங்கள்.

மென்படலம்: முகடு நகர்ந்துதான் இருக்கிறது, சுருங்கியும் இருக்கிறது. டெஃப்ளான் கலம் இல்லை. பாலிபுரோப்பிலீன் முகவை போதுமா?

காரக்கரைசல்: போதும். அமிலத்தில் கழுவிவிட்டுப் பயன்படுத்துங்கள்.