எங்கள் புஞ்சையில் மின்கோபுரம் வந்த கதை: உங்கள் அனுபவம் என்ன?

கள்ளிக்குடிக்காரர்:
மூன்றே கால் ஏக்கர் கரிசல், மானாவாரி மக்காச்சோளம், கிணற்றடியில் முப்பது தென்னை. போன ஆடியில் வரப்போரம் மஞ்சள் பூசிய முளைக்குச்சி நின்றது. தலையாரியிடம் கேட்டால், சோலார் மின்சாரம் கொண்டுபோக 400 கிலோவோல்ட் லைன் வருகிறது என்றார். 2016-இல் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் வந்தபோது பஸ் ஏறிப்போய் வேடிக்கை பார்த்தவன் நான். அந்த மின்சாரம் யார் வயல் வழியாகவாவது வெளியேற வேண்டும் என்று அன்று தோன்றவே இல்லை.

நிலம் போகிறது என்று அம்மா அழுதார். போகவில்லை. 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தின் அதிகாரத்தில் கோபுரம் நடுகிறார்கள். பட்டா நம் பெயரிலேயே இருக்கும். ஆனால் விற்கப் போனால் விலையைக் குறைத்துக் கேட்கிறார்கள்; அப்போதுதான் அந்தப் பட்டாவின் அருமை தெரிகிறது!

தென்னைதான் வலி. லைனுக்குக் கீழே ஏறத்தாழ 46 மீட்டர் அகலத்துக்கு உயரமான மரம் ஆகாது. பதினொன்று சாய்ந்தன. இழப்பீட்டுக்குக் கணக்கெடுக்க வந்தவர் ஒன்பது என்று எழுதினார். அப்பா அவரைக் கையோடு அழைத்துப்போய் அடிமரங்களை எண்ணவைத்தார். வெட்டுவதற்கு முன்பே படம் எடுத்து வைத்திருந்தால் அந்த அலைச்சல் இல்லை.

உசிலம்பட்டிக்காரர்:
எங்களுக்கு மரம் இல்லை, மதிப்பில்தான் தகராறு. மத்திய மின் அமைச்சக வழிகாட்டுதல்படி 2015-இல் கோபுரம் நிற்கும் இடத்துக்கு நில மதிப்பில் 85 சதவீதம் இழப்பீடு, கம்பிக்குக் கீழே உள்ள பாதைக்கு அதிகபட்சம் 15. 2024 ஜூனில் அவை 200, 30 ஆயின. ஆனால் மாநிலம் ஏற்றால்தான் செல்லும். எந்தக் கணக்கு என்று கேட்டால், "பணம் வரும்போது தெரியும் சார்" என்கிறார்கள். அந்த நில மதிப்பும் வழிகாட்டி மதிப்பு. கிரயம் பேசும் விலையில் கால் பங்குகூட இல்லை. போதவில்லை என்றால் மாவட்ட நீதிமன்றம் போக அதே பழைய சட்டம் இடம் தருகிறது. மச்சான் போயிருக்கிறார், வாய்தா மேல் வாய்தா.

பேரையூர்க்காரர்:
நான் மறுபக்கம். கம்பி இழுக்கும் ஒப்பந்தக் குழுவில் இரண்டு ஆண்டு இருந்தேன். மெல்லிய கயிற்றை முதலில் கோபுரம் விட்டுக் கோபுரம் கடத்தி, அதன் வாலில் கம்பியைக் கட்டி இழுப்போம். கீழே பயிர் நின்றால் மிதிபடும். மாசியில் ஒரு அப்பத்தா வழி மறித்தார். "பருத்தி வெடித்து நிற்கிறதய்யா, பத்து நாள் பொறு." மேலாளர் முறைத்தார். நாங்களாகவே வேறு பக்கம் வேலையைத் திருப்பிக்கொண்டோம். பதினோராம் நாள் அப்பத்தா தலையில் பஞ்சு மூட்டையோடு வந்து, "இனி இழுங்கள்" என்றார்.

கள்ளிக்குடிக்காரர்:
அந்த அப்பத்தாவுக்கு வாய்த்த ஆட்கள் எங்களுக்கு வாய்க்கவில்லை. இப்போது தூறல் போட்டால் கம்பி உஸ்ஸென்று இரைகிறது. அம்மா மாட்டை அதன் கீழே கட்டுவதில்லை.