ஒன்பது வாரம் இரையை மறுத்த பால் பைத்தான், உறைந்த எலியை எடுத்த இரவு

என்னிடம் இருப்பது மூன்று வயது ஆண் பால் பைத்தான் (ball python), ஒரு மலைப்பாம்பு வகை. பயந்தால் பந்துபோலச் சுருண்டுகொள்வதால் வந்த பெயர் அது. முன்பு வளர்த்தவர் உயிருள்ள எலியே போட்டுப் பழக்கியிருந்தார். வலது கண்ணுக்குச் சற்று மேலே ஒரு தழும்பு, எலி திருப்பிக் கடித்தது. இன்னும் கொஞ்சம் கீழே பட்டிருந்தால் கண் போயிருக்கும். அதைப் பார்த்த அன்றே இனி உயிருள்ள இரை கிடையாது என்று முடிவெடுத்தேன்.

முதல் முறை, ஃப்ரீசரில் இருந்த எலியை முந்தைய இரவே எடுத்து ஃப்ரிட்ஜில் வைத்து உருகவிட்டேன். மறுநாள் மாலை ஜிப் கவரோடு வெந்நீரில் அரை மணி நேரம் போட்டு, இடுக்கியால் பிடித்துப் பாம்பின் முகத்துக்கு நேரே ஆட்டினேன். நாக்கை இரண்டு முறை நீட்டியது. தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. அவ்வளவுதான். மனசு கேட்காமல் மூன்று நாள் கழித்து மறுபடி, அடுத்து இரண்டு நாளில் மறுபடி. இந்த அவசரம்தான் நான் செய்த பெரிய தவறு. இடுக்கியைப் பார்த்தாலே சுருள ஆரம்பித்துவிட்டது.

ஆறாவது வாரம், ஏதோ தோன்றி இன்ஃப்ராரெட் வெப்பமானியை எலியின் மேல் காட்டினேன். வயிற்றில் 36 டிகிரி செல்சியஸ், தலையில் 28. அறையே அன்று 27 டிகிரி! பெட்டி வரை கொண்டுபோவதற்குள் ஈரமான சின்னத் தலை ஆறிப்போகிறது. பால் பைத்தானின் உதடுகளில் வரிசையாகச் சிறு குழிகள் உண்டு. சூட்டை உணர்வதே அவற்றின் வேலை. இருட்டில் அது எலியை அறிவது வாசனையாலும் சூட்டாலும்தான். தலை எங்கே என்றே தெரியாத ஒரு பொருளை நான் நீட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

பிறகு பத்து நாள் பெட்டியைத் தொடவே இல்லை, தண்ணீர் மாற்றியதைத் தவிர. அதற்குமுன் மறைவிடங்களை மட்டும் மாற்றினேன். பழையவை பெரியவை. உடல் நாலு பக்கமும் உரசும் அளவுக்குச் சின்னதாக, சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று வைத்தேன். சூடான பக்கம் 32, மறுபக்கம் 26. கண்ணாடியின் மூன்று பக்கத்தையும் காகிதம் ஒட்டி மறைத்தேன்.

பதினோராம் நாள் பழையபடி மேலே பார்த்துச் சுருண்டுகொண்டது. உடனே மூடிவிட்டு வந்துவிட்டேன். இன்னும் ஒரு பத்து நாள்.

ஒன்பதாவது வாரக் கடைசியில் இரவு பத்து மணிக்கு விளக்கெல்லாம் அணைத்தேன். எலியின் ரோமத்தை ஹேர் டிரையரால் உலர்த்தி, தலையை மட்டும் வெந்நீரில் சில விநாடி முக்கித் துடைத்தேன். தலையில் 39 காட்டியது. இந்த முறை மேலிருந்து தொங்கவிடவில்லை. இடுப்பைப் பிடித்து, தரையோடு தரையாக, மறைவிட வாசலைக் கடந்துபோகிற மாதிரி நகர்த்தினேன். நிறுத்தினேன். கழுத்து மெல்ல எஸ் வடிவில் வளைந்தது. கண் இமைக்கும் நேரம். இடுக்கி கையிலிருந்து பறந்தது. எலியை மூன்று சுற்று சுற்றிவிட்டது! தரையில் உட்கார்ந்து மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். பிடியைத் தளர்த்தி, தலையைத் தேடிக் கண்டுபிடித்து விழுங்கி முடிக்க இருபது நிமிடம். இரண்டு நாள் அதைக் கையில் எடுக்கவில்லை.

பதில்:
தலைச் சூடு விஷயம் மிகச் சரி. ஆனால் என் ஹாக்நோஸ் பாம்புக் குட்டிக்குச் சூடு எதுவும் பலிக்கவில்லை. காட்டில் அவை தேரைகளை விரும்பித் தின்பவை, எலி வாசனை பிடிக்கவில்லை. டூனா மீன் டப்பாத் தண்ணீரில் எலிக்குஞ்சைத் தோய்த்துக் கொடுத்தேன், அன்றே எடுத்தது. அடுத்தடுத்த முறை தண்ணீரைக் குறைத்துக்கொண்டே வந்தேன். ஐந்தாவது முறை வெறும் எலியே போதுமானதாக இருந்தது. ஒரு வேண்டுகோள்: அவசரத்துக்கு மைக்ரோவேவில் வைக்காதீர்கள். உள்ளே வெந்து வயிறு வெடிக்கும்.

பதில்:
என் கார்ன் ஸ்நேக் குட்டி, ஆள் பார்த்தால் சாப்பிடாது. காற்றுத்துளை போட்ட சின்ன டப்பாவில் எலிக்குஞ்சோடு விட்டு, இருட்டில் வைத்துவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் டப்பா காலி. சாப்பிடாமல் விட்டிருந்தால் எலிக்குஞ்சைத் தூக்கிப் போட்டுவிடுவேன், மறுபடி உறைய வைக்க மாட்டேன். ஒன்பது வாரம் பட்டினி கிடந்தபோது உங்களுக்குப் பயமாக இல்லையா?

முதலில் எழுதியவர்:
தினமும் பயம்தான். ஆனால் ஆரோக்கியமான பெரிய பால் பைத்தான் மாதக்கணக்கில் சாப்பிடாமல் இருக்கும். இணைசேரும் பருவத்தில் ஆண் தானாகவே இரையை ஒதுக்கும், சட்டை உரிக்கும் முன்பும் அப்படித்தான். நாள்களை எண்ணுவதைவிட எடையைப் பாருங்கள். என்னுடையது 740 கிராமிலிருந்து 702 வரை இறங்கியது. பத்து சதவீதம் குறைந்தாலோ, வாயைத் திறந்து மூச்சுவிட்டாலோ மருத்துவரிடம் கொண்டுபோவது என்று தீர்மானித்திருந்தேன். அதற்குப் பிறகு நான்கு எலி எடுத்துவிட்டது, எல்லாமே உறைந்தவை. நேற்று நிறுத்துப் பார்த்தேன், 751.