பங்குனிப் பொங்கல் இலக்கிய விழா: அந்தப் பணத்தைப் பற்றி ஒரு யோசனை

அண்ணாச்சிமார், மதினிமார், தம்பி தங்கச்சிகள் எல்லாருக்கும் வணக்கம்.

பங்குனிப் பொங்கலுக்கு மறுநாள் ஊரில் இலக்கிய விழா வைக்கலாம், டி.வி.யில் வருகிற பேச்சாளர் ஒருவரைக் கூப்பிட்டுப் பட்டிமன்றம் போடலாம் என்று தோஹா அண்ணாச்சி எழுதியிருந்தார். பட்டிமன்றம் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. ஊரே கூடி உட்கார்ந்து சிரிக்கும், நல்ல விஷயம்தான். ஆனால் பேச்சாளர் தொகை, கார், பந்தல், சீரியல் லைட், பொன்னாடை என்று ஒரே ராத்திரியில் கரைகிற பணத்தை இலக்கிய வளர்ச்சி என்று கணக்கெழுத வேண்டாம், அது கோயில் விழாக் கணக்கிலேயே இருக்கட்டும். இலக்கியத்துக்கென்று தனியாக ஒதுக்குவதானால், மாதம் ஒரு ஞாயிறு சாயங்காலம் ஊர் நூலகத்தில் ஒரு இருபது பேர் உட்கார்ந்து ஒரு கதை வாசித்துப் பேசுகிற மாதிரி செய்வோம்.

நம்ம பக்கம் எழுத வந்தவர்கள் பாதிப் பேர் இப்படிப் பேசிப் பேசியே வந்தவர்கள்தானே. கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலி ரோட்டில் பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியாக ஒரு நொடியில் கடந்துவிடுகிற இடைசெவல் கிராமத்தில்தான் எழுத்தாளர்கள் கி. ராஜநாராயணனும் (நம்ம கி.ரா.) கு. அழகிரிசாமியும் கூட்டாளிகளாக வளர்ந்தார்கள். சங்கீத வித்வான் விளாத்திகுளம் சாமிகள் பாட்டென்றால் ரெண்டு பேருக்கும் உயிர். அழகிரிசாமி இறந்த பிறகு 1970இல் அவருக்கு சாகித்ய அகாதெமி விருது வந்தது, கி.ரா.வுக்கு 1991இல். அப்புறம் பூமணி 2014, சோ. தர்மன் 2019. கோவில்பட்டியிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குள் நாலு பேர்! விருதை விடுங்கள், கவிஞர் தேவதச்சன் கடைக்குச் சாயங்காலம் போய்ப் பேசிக்கொண்டிருந்தே எழுத ஆரம்பித்த ஒரு தலைமுறை கோவில்பட்டியில் உண்டு. அங்கே மேடை ஏது, மைக் ஏது.

வெளிநாட்டில் இருக்கிற நமக்கு இன்னொன்றும் நினைவிருக்க வேண்டும். அழகிரிசாமி 1950களில் கோலாலம்பூர் போய் 'தமிழ் நேசன்' பத்திரிகையில் வேலை பார்த்தவர். அங்கே இலக்கிய வட்டம் என்று கூட்டி, அந்த ஊர்ப் பிள்ளைகள் எழுதிக்கொண்டு வந்ததை வைத்துப் பேசியிருக்கிறார். இன்றைக்குப் 'பயிலரங்கு' என்று பேனர் கட்டி, சான்றிதழ் கொடுத்து, மத்தியானம் பிரியாணி போட்டு அனுப்புகிறார்களே (பிரியாணியில் எனக்கு ஆட்சேபணை இல்லை), அதைவிட இதில் எழுத்து கூடுதலாக வரும். அவனவன் எழுதியதை அவனவன் வாயால் வாசிக்க வேண்டும், இன்னொருவன் 'இந்த இடம் இழுக்குது' என்று முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும்.

போன மே லீவில் பக்கத்து ஊர் நூலகத்தில் இப்படி ஒரு கூட்டம் நடந்தது, நானும் போய் உட்கார்ந்தேன். பத்தாம் வகுப்பு முடித்த ஒரு பிள்ளை அழகிரிசாமியின் 'ராஜா வந்திருக்கிறார்' கதையைத் திக்கித் திக்கி வாசித்தது. தீபாவளியன்றைக்கு உடுத்தத் துணியில்லாமல் வந்த பையனுக்கு, வீட்டுக்காரருக்கென்று எடுத்த துண்டைத் தாய் எடுத்துக் கொடுக்கிற இடம் வந்தது. பின்னால் இருந்து தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிற ஒரு அக்கா, "அந்த மனுசன் வந்து என் துண்டு எங்கேன்னு கேட்டா இவ என்ன சொல்லுவா?" என்றார். அவ்வளவுதான், கதை அரை மணி நேரம் அப்படியே நின்றுவிட்டது. ஒரு பெரியவர், கேட்கிற ஆளாக இருந்தால் இவளுக்குக் கொடுக்கவே கை வந்திருக்காது என்றார். இன்னொரு மதினி, அதெல்லாம் கதையில்தான் நடக்கும், எங்க வீட்டில் நடக்குமா என்று சண்டைக்கே வந்துவிட்டார். இந்தப் பேச்சை எந்தப் பேச்சாளருக்கும் காசு கொடுத்து வாங்க முடியாது.

நேரம் முக்கியம். புரட்டாசி, ஐப்பசியில் விதைப்பு, அப்போது கூட்டம் வைத்தால் நூலகர் மட்டும்தான் இருப்பார். தை, மாசி அறுப்புக்குப் பிறகு ஆரம்பிக்கலாம். தீப்பெட்டி ஆபீஸ் பெண்களுக்கு ஞாயிறுதான் லீவு, அதுவும் துவைத்துக் காயப்போட்டு முடிய மூன்று மணி ஆகிவிடும், அதனால் நாலு மணிக்கு முன்னால் வேண்டாம். எழுத்தாளர் யாரையாவது கூப்பிட்டால், அவர் கடைசி டவுன் பஸ்ஸைப் பிடிக்கிற மாதிரி முடிக்க வேண்டும், இல்லையென்றால் பைக்கில் கொண்டுவிட ஒரு தம்பி வேண்டும். பொன்னாடைக்குப் பதில் பஸ் செலவுக்கு மேலேயே ஒரு தொகையைக் கவரில் வைத்துக் கொடுப்போம். எழுத்தாளர் என்றால் சும்மா வந்து பேசிவிட்டுப் போக வேண்டும் என்று ஒரு எண்ணம் நம்மிடம் இருக்கிறது, அது சரியில்லை.

நூலகத்தில் ஃபேன் ஒன்றுதான் ஓடுகிறது, இன்னும் ரெண்டு வாங்க வேண்டும், பாய் நாலைந்து. மைக் வேண்டவே வேண்டாம். நூலகரிடம் அனுமதி கேட்கிற வேலையை ஊரில் இருக்கிற சித்தப்பா பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். முதல் ஆறு மாதச் செலவை நானும் சிங்கப்பூர் மச்சானும் போட்டுக்கொள்கிறோம், பட்டிமன்றத்துக்கான என் பங்கும் தனியாக வந்துவிடும். மாற்றுக் கருத்து இருக்கிறவர்கள் இந்த வெள்ளிக்கிழமைக்குள் இங்கேயே எழுதுங்கள், சனிக்கிழமை நான் சித்தப்பாவுக்குப் போன் போட வேண்டும்.

அன்புடன்,
கீழத்தெரு தபால்காரர் மகன், ரியாத்