கிரிம்பிங் டூலும் சாக்பீஸும்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

சர்வர், நெட்வொர்க் வேலையில் இருந்துகொண்டே கல்லூரியில் பாடம் எடுத்தவர்கள் இங்கே சிலராவது இருப்பீர்கள். வகுப்பறை உங்கள் வேலையை எப்படி மாற்றியது, வேலை உங்கள் வகுப்பை எப்படி மாற்றியது என்று கேட்க ஆசை. முதலில் என் கதை.

1996-ல் வேலைக்குச் சேர்ந்தேன். சர்வர், நெட்வொர்க், பிரின்டர், யூபிஎஸ் எல்லாவற்றையும் ஒரே ஆள் பார்க்கிற காலம். அலுவலகம் முழுக்க கோஆக்சியல் கேபிள். ஒரே கேபிள் கணினிக்குக் கணினி ‘டி’ கனெக்டர் வழியாகப் போய்க்கொண்டே இருக்கும்; இரண்டு முனையிலும் 50 ஓம் டெர்மினேட்டர். யாராவது மேசையை நகர்த்தி நடுவில் ஒன்று கழன்றுவிட்டால் அந்த வரிசையில் ஒருவருக்கும் நெட்வொர்க் இருக்காது. மேசை மேசையாகக் குனிந்து தேடுவேன். கழன்றதை மாட்டினால் சரியாகிவிடும் என்று தெரியும். ஏன் மொத்தமும் நிற்கிறது என்று தெரியாது. கேட்க ஆளும் இல்லை.

2005-ல் ஒரு கல்லூரியில் மாலை வகுப்பு எடுக்க அழைத்தார்கள். கோஆக்சியல் கேபிள் அலுவலகங்களை விட்டுப் போய் வெகுநாள் ஆகியிருந்தது, ஆனால் சிலபஸில் இருந்தது. வகுப்புக்கு முந்தின இரவு உட்கார்ந்து படித்தேன். முனை திறந்திருந்தால் மின்குறி அங்கே பட்டு எதிரொலித்துத் திரும்பி வரும், பின்னால் வரும் குறிகளைக் குலைக்கும். அந்த 50 ஓம் தடை குறியை முனையிலேயே உறிஞ்சிக்கொள்வதற்காக வைக்கப்பட்டது. வருடக்கணக்கில் கையில் பிடித்த பொருள். அது எதற்கு என்று அன்று இரவுதான் தெரிந்தது.

முதல் சில வாரங்கள் புத்தகத்தில் உள்ளபடியே எடுத்தேன். நெட்வொர்க்கைப் பிரித்து விளக்கும் ஏழு அடுக்குகளின் பெயரையும் மாணவர்கள் மூச்சுவிடாமல் சொன்னார்கள். ஒரு கணினிக்கு நெட்வொர்க் வரவில்லை, எங்கிருந்து பார்ப்பாய் என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். அப்புறம் வேலையிடத்தில் அனுமதி வாங்கி, கழித்துக்கட்டிய பழைய நெட்வொர்க் சுவிட்ச் (கணினிகளின் கேபிள்களை ஒன்றாக இணைக்கும் பெட்டி) நான்கைந்தைக் கொண்டுபோனேன். பாடத்தைத் திருப்பிப் போட்டேன். முதலில் பழுது, அப்புறம் பெயர்.

ஸ்பேனிங் ட்ரீ (சுவிட்சுகளுக்கு நடுவே வளையம் உண்டாகாமல் உபரி இணைப்பைத் தடுத்து வைக்கும் முறை) பாடம் அப்படித்தான் நடந்தது. இரண்டு சுவிட்சுகளை இரண்டு கேபிளால் இணைத்து, ஸ்பேனிங் ட்ரீயை அணைத்துவிட்டு, ஒரு கணினியிலிருந்து பிங் (மறுமுனை பதில் தருகிறதா என்று பார்க்கும் சிறு செய்தி) கொடுக்கச் சொன்னேன். சில நொடிகளில் எல்லா விளக்குகளும் வெறிபிடித்ததுபோல மின்ன ஆரம்பித்தன. பிங் நின்றுவிட்டது. ஐபி பேக்கெட்டில் டிடிஎல் என்று ஒரு எண் உண்டு, ஒவ்வொரு ரௌட்டரைக் கடக்கும்போதும் ஒன்று குறையும், பூஜ்யமானால் பேக்கெட் அங்கேயே கைவிடப்படும். ஈதர்நெட் ஃபிரேமில் அப்படி எதுவும் கிடையாது. வளையத்தில் மாட்டிய பிராட்காஸ்ட், அதாவது எல்லோருக்கும் போகும் செய்தி, பெருகிக்கொண்டே சுற்றும், கேபிளைப் பிடுங்கும்வரை. அதைக் கண்ணால் பார்த்த பிறகு, 1985-ல் ரேடியா பெர்ல்மன் இதற்கு ஒரு வழி கண்டார் என்று சொன்னபோது, ஒரு மாணவர்கூட ‘பரீட்சைக்கு வருமா’ என்று கேட்கவில்லை.

ஒரு பெண் வேறு ஒன்று கேட்டாள். “ரூட் சுவிட்ச் எது என்று நாம் சொல்லாவிட்டால் எது ரூட் ஆகும் மேடம்?”

சொன்னேன். ரூட் என்பது மற்ற சுவிட்சுகள் தங்கள் வழியைக் கணக்கிட அடிப்படையாக வைக்கும் தலைமை சுவிட்ச். நாம் மாற்றாதவரை எல்லா சுவிட்சிலும் முன்னுரிமை எண் 32768 என்றே வரும்; சிறிய எண்ணுக்கே முதலிடம். சமமாக இருந்தால் யாருடைய மேக் முகவரி (தயாரிக்கும்போதே கொடுக்கப்படும் அடையாள எண்) சிறியதோ அது ரூட்.

“ஒரே கம்பெனி வரிசையாக எண் போட்டுக்கொண்டே வந்தால், இருப்பதிலேயே பழைய சுவிட்ச்தானே ரூட் ஆகும்?”

பெரும்பாலும் அப்படித்தான் என்று சொல்லிவிட்டு மேலே போனேன். ஆனால் என் மனம் வகுப்பில் இல்லை. எங்கள் கட்டடத்தில் அந்த எண்ணை நாங்கள் யாரும் தொட்டதே கிடையாது.

மறுநாள் காலை முதல் வேலையாகப் பார்த்தேன். ரூட்டாக இருந்தது, மூன்றாம் மாடியில் ஸ்டேஷனரி அறைக்குள் இருந்த 100 மெகாபிட் சுவிட்ச். கட்டடத்திலேயே மூத்தது. அதிலிருந்து இரண்டு கோர் சுவிட்சுக்கும், அதாவது நெட்வொர்க்கின் நடுவில் இருந்த முக்கிய சுவிட்சுக்கும், ஒவ்வொரு கேபிள் போனது. கோர் இரண்டுக்கும் நடுவே நாங்கள் போட்டிருந்த ஜிகாபிட் இணைப்பு? தடுத்து வைக்கப்பட்டிருந்தது. கணக்கு சரிதான். ஸ்பேனிங் ட்ரீ ஒவ்வொரு வழிக்கும் ஒரு செலவு எண் போட்டு, கூட்டுத்தொகை குறைந்த வழியைப் பிடிக்கும்: 100 மெகாபிட் வழிக்கு 19, ஜிகாபிட் வழிக்கு 4. ஒரு கோரிலிருந்து ரூட்டுக்கு நேராகப் போனால் 19, இன்னொரு கோர் வழியாகச் சுற்றினால் 23. ஆகவே இரண்டும் நேர்வழியைப் பிடித்துக்கொண்டன, நடுவில் இருந்த நல்ல பாதை உபரியாகிவிட்டது. ஒரு கோரிலிருந்து மற்றதற்குப் போக வேண்டிய எல்லாமே ஸ்டேஷனரி அறை வழியாகப் போய்வந்தது.

பல மாதமாக எங்கள் இரவு பேக்கப் காலை பத்து மணிவரை இழுத்துக்கொண்டிருந்தது. டேப் டிரைவைச் சந்தேகித்தோம், சர்வரைச் சந்தேகித்தோம், மென்பொருள் நிறுவனத்துக்கு டிக்கெட்மேல் டிக்கெட் போட்டோம். அந்தச் சனிக்கிழமை மெயின்டனன்ஸ் விண்டோவில் ஒரு கோருக்கு 4096, மற்றதற்கு 8192 என்று முன்னுரிமை கொடுத்தேன். இரண்டே கட்டளைகள். ஞாயிறு விடியுமுன் பேக்கப் முடிந்திருந்தது.

அடுத்த வகுப்பில் நடந்ததை அப்படியே சொன்னேன், யார் கேட்ட கேள்வி என்பதையும் சேர்த்து. பாடம் எடுப்பதை உபரி வருமானம் என்று நினைப்பதை அந்த வாரத்தோடு விட்டேன். 2014-ல் முழுநேரமாகக் கல்லூரிக்கே வந்துவிட்டேன்.

* * *

மேடம், இதைப் படித்ததும் எழுந்துபோய் எங்கள் ரூட் எது என்று பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். சரியாக இருக்கிறது.

நான் ஸ்டோரேஜ், பேக்கப் பக்கம் பதினைந்து வருடம் இருந்தவன். இப்போது வாரம் இரண்டு நாள் கல்லூரி. என் அனுபவம் மகிழ்ச்சியான ஒன்றல்ல.

முன்பு வேலை பார்த்த இடத்தில் தினமும் காலையில் ஒரு மின்னஞ்சல் வரும், பேக்கப் வெற்றி என்று. பச்சை நிறம். ஒருநாள் கணக்குப் பிரிவின் ஃபோல்டர் ஒன்று தவறுதலாக அழிந்துவிட்டது. ரெய்டு இருக்கிறதே என்றார் ஒருவர். ரெய்டு என்பது பல வட்டுகளைச் சேர்த்து வைக்கும் முறை; ஒரு வட்டு செத்தால் காப்பாற்றும். அழி என்று நாமே சொன்னால் எல்லா வட்டிலும் சேர்த்து ஒழுங்காக அழித்துக் கொடுக்கும். சரி, டேப்பிலிருந்து எடுப்போம் என்று போனால் டேப்பில் வெறும் ஃபோல்டர். ஒன்றரை வருடத்துக்கு முன் தரவை வேறு வால்யூமுக்கு மாற்றியிருந்தோம். பேக்கப் வேலை மட்டும் பழைய இடத்தையே காட்டிக்கொண்டிருந்தது. காலியான ஃபோல்டரை ஒவ்வொரு இரவும் வெற்றிகரமாகப் படியெடுத்திருக்கிறது. அந்தப் பிரிவில் இருந்தவர்கள் காகித பில்களை வைத்து மூன்று மாதம் மறுபடி தட்டச்சு செய்தார்கள். அந்த அறையைக் கடந்து போவதே எனக்குக் கஷ்டமாக இருக்கும்.

2017 ஜனவரி 31 அன்று, மென்பொருள் நிரல்களைச் சேமித்து வைக்கும் கிட்லேப் தளத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். கையில் இருந்த பேக்கப் முறைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கைவிட்டன. சுமார் ஆறு மணி நேரத் தரவு போய்விட்டது. மீட்கிற வேலையை அவர்கள் நேரலையாகவே காட்டினார்கள், நடந்தது என்ன என்று பிறகு விரிவாக எழுதியும் வைத்தார்கள். ஒவ்வொரு வருடமும் வகுப்பில் அதை வரிவரியாகப் படிக்க வைக்கிறேன். அந்தப் பொறியாளர்மேல் பழிபோடாமல் எழுதியிருக்கிறார்கள் என்பதையும் கவனிக்கச் சொல்கிறேன்.

என் செய்முறைத் தேர்வில் பேக்கப் எடுப்பதற்கு மதிப்பெண் கிடையாது. லேப் சர்வரை நானே அழித்துவிடுவேன். 90 நிமிடத்தில் திரும்பக் கொண்டுவந்தால் மதிப்பெண். முதல் வருடம் பன்னிரண்டு குழுவில் மூன்றுதான் கொண்டுவந்தன. தேர்வு கடினம் என்று துறைத்தலைவரிடம் புகார் போனது. அவர் லேப்புக்கு வந்து கடைசிவரை உட்கார்ந்து பார்த்துவிட்டு, இதை மாற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த மனிதருக்கு நான் கடமைப்பட்டவன்.

* * *

நான் பாடம் எடுத்தவன் இல்லை. இப்படிப்பட்ட ஒருவரிடம் படித்தவன். எழுதலாம்தானே?

எங்களுக்கு நெட்வொர்க் லேப் எடுத்தவரும் வேலையிலிருந்து வந்தவர்தான். ரௌட்டரைத் தொடுமுன் நோட்டில் மூன்று வரி எழுத வேண்டும். என்ன மாற்றப் போகிறாய், சரியாகிவிட்டது என்று எப்படித் தெரியும், தவறினால் எப்படித் திரும்புவாய். மூன்றாவது வரி இல்லாவிட்டால் கீபோர்டைத் தொடவிட மாட்டார். எங்களுக்கு எரிச்சலாக இருக்கும்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம். ஆன்கால், அதாவது பழுது என்றால் எந்நேரமும் பார்க்க வேண்டிய முறை எனக்கு. அதிகாலை இரண்டு மணி, ஆள் யாரும் இல்லாத கிளை ஒன்றின் ரௌட்டரில் அணுகல் பட்டியலை (எதை உள்ளே விடலாம், எதைத் தடுக்கலாம் என்ற விதிகளை) மாற்ற வேண்டும், அந்த ரௌட்டர் வழியாகவேதான் உள்ளே போயிருக்கிறேன். பழக்கத்தில் மூன்று வரியையும் எழுதினேன். மூன்றாவது வரியில் கை நின்றது. தவறினால் நானே உள்ளே போக முடியாது. அவர் சொன்னது ஞாபகம் வந்தது. பத்து நிமிடத்தில் ரௌட்டர் தானாக ரீலோட் (மறுதொடக்கம்) ஆகும்படி முதலில் கட்டளை கொடு, அப்புறம் மாற்று, சரியாக இருந்தால் ரீலோடை ரத்து செய், அதன்பின் சேமி. அப்படியே செய்தேன். ஒரு வரியின் வரிசை தவறி என் இணைப்பு அறுந்தது. திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். ரௌட்டர் ரீலோட் ஆகி, சேமிக்காத மாற்றம் போய், பழைய அமைப்போடு எழுந்தது. கிளை திறக்குமுன் சரியான பட்டியலைப் போட்டு முடித்தேன்.

2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் சுமார் ஆறு மணி நேரம் இணையத்திலிருந்தே மறைந்ததே, அதுவும் முதுகெலும்பு நெட்வொர்க்கில் கொடுத்த ஒரு கட்டளையில் தொடங்கியது. டிஎன்எஸ் (தளப் பெயரை முகவரியாக மாற்றிச் சொல்லும் முறை) சர்வர்களுக்கான வழிகள், நெட்வொர்க்குகள் தங்கள் வழிகளை ஒன்றுக்கொன்று அறிவிக்கும் பிஜிபியிலிருந்து விலகின. சரிசெய்யப் பயன்படும் உள்கருவிகளும் அதே நெட்வொர்க்கை நம்பி இருந்ததால் பொறியாளர்கள் நேரில் போக வேண்டியதாயிற்று. அந்தச் செய்தி வந்த அன்று என் பழைய ஆசிரியருக்குப் போன் செய்தேன். “மூன்றாவது வரி,” என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

* * *

எல்லோருக்கும் இப்படி நல்லபடியாக அமைவதில்லை. இருபது வருட அனுபவத்தோடு ஒரு கல்லூரிக்குப் போனேன். முனைவர் பட்டம் இல்லாததால் ஒவ்வொரு செமஸ்டரும் தற்காலிக ஒப்பந்தம்தான். லேப்புக்கு உண்மையான சுவிட்ச் கேட்டேன், சிமுலேட்டர் போதும் என்றார்கள். சிமுலேட்டரை நான் குறை சொல்லவில்லை, கட்டளை பழக அது நல்ல கருவி. ஆனால் அதில் பாதி நசுங்கிய கேபிள் கிடையாது. ஒருபக்கம் ஃபுல் டூப்ளெக்ஸ் (ஒரே நேரத்தில் அனுப்பவும் பெறவும் முடியும்), மறுபக்கம் ஹாஃப் டூப்ளெக்ஸ் (ஒரு நேரத்தில் ஒன்றுதான்) என்று மாட்டிக்கொண்டு, பிங் ஒழுங்காகப் போகும், ஃபைல் மட்டும் நகராமல் நிற்கும் பாருங்கள், அந்தக் குழப்பத்தைக் கையால் தொட்டுத்தான் பழக வேண்டும். மூன்று செமஸ்டர் முயன்றுவிட்டு வெளியே வந்துவிட்டேன். மாணவர்களை நினைத்தால் இன்னமும் வருத்தம்தான்.

மேடத்திடம் ஒரு கேள்வி. மறுபடி ஒரு வாய்ப்பு வந்திருக்கிறது. கையில் பெரிய உபகரணம் இல்லை. எந்தப் பழுதிலிருந்து தொடங்கலாம்?

* * *

முதலில் தொடங்கியவள்தான். அந்த ஒப்பந்தக் கஷ்டம் எனக்கும் தெரியும், ஆறு வருடம் அப்படித்தான் ஓட்டினேன். வாய்ப்பை விடாதீர்கள்.

வீட்டில் சும்மா கிடக்கும் வைஃபை ரௌட்டர் ஒன்று போதும். லேப் நெட்வொர்க்கை மற்றவற்றிலிருந்து தனியாகப் பிரித்துக்கொள்ளுங்கள், இது முக்கியம். ரௌட்டரின் லேன் போர்ட்டை அதில் மாட்டிவிட்டு, எல்லாக் கணினியையும் மறுதொடக்கம் செய்யச் சொல்லுங்கள். இந்த ரௌட்டரும் முகவரி கொடுக்க ஆரம்பிக்கும். டிஹெச்சிபி (கணினிக்குத் தானாக முகவரி கொடுக்கும் முறை) மூலம் கேட்கும் கணினி பொதுவாக முதலில் வந்த பதிலையே எடுத்துக்கொள்ளும். ஆகவே சிலருக்கு இணையம் வரும், பக்கத்து இருக்கைக்கு வராது. இன்னொரு தடவை மறுதொடக்கம் செய்தால் ஆள் மாறலாம். அரைமணி நேரம் நீங்கள் எதுவும் பேசாதீர்கள். ஒருவர் தன் கேட்வே (வெளியே போகும் வாசலான ரௌட்டர்) முகவரியையும் அடுத்தவர் முகவரியையும் ஒப்பிட்டுப் பார்ப்பார். அங்கிருந்து பாடம் தானாக நடக்கும். கேட்வேயின் மேக் முகவரியை எடுத்து, சுவிட்சின் மேக் அட்டவணையில் எந்தப் போர்ட் என்று தேட வைத்தால் அடுத்த வகுப்புக்கும் அதுவே ஆகும்.

இரண்டாவதாக, ஒரு சர்வரின் கடிகாரத்தை பத்து நிமிடம் தள்ளி வைத்துப் பாருங்கள். உள்ளே நுழைபவர் யார் என்று சரிபார்க்கும் கெர்பரோஸ் முறை வழக்கமாக ஐந்து நிமிட வித்தியாசம்வரைதான் பொறுக்கும். கடவுச்சொல் சரியாக இருந்தும் உள்ளே விடாது. யாரும் முதலில் கடிகாரத்தைப் பார்க்க மாட்டார்கள்.

எனக்கு அடுத்த செமஸ்டருக்கு ஒரு பழுது குறைகிறது. டிஎன்எஸ்ஸில் ஏதாவது வேண்டும், ஒரு மணி நேரத்துக்குள் கண்டுபிடிக்கக்கூடியதாக. உங்களைக் கஷ்டப்படுத்தியது ஏதாவது இருந்தால் எழுதுங்கள்.