டீஇனிட் ஒருமுறைகூட ஓடவில்லை: திரையை மூடிய பிறகும் தாளம் கேட்கிறது

மிருதங்க மாணவி

வணக்கம். ஐபோன் செயலிகள் எழுதப் பயன்படும் ஸ்விஃப்ட் மொழியைக் கற்கத் தொடங்கி எட்டு மாதம் ஆகிறது. மிருதங்கம் வாசித்துப் பழக, எனக்காகவே ஒரு சின்ன ஐபோன் செயலி எழுதிக்கொண்டிருக்கிறேன். முதல் திரையில் தாளங்களின் பட்டியல். ஆதி தாளத்தைத் தொட்டால் இரண்டாவது திரை வரும். அதில் ஒரு டைமர் எட்டு அட்சரங்களையும் எண்ணி, ஒவ்வொன்றுக்கும் ஒரு தட்டு ஒலி எழுப்பும்.

பிரச்சினை இதுதான்: பட்டியலுக்குத் திரும்பி வந்த பிறகும் தட்டு நிற்பதில்லை. மறுபடி உள்ளே போனால் பழைய தட்டும் புதிய தட்டும் சேர்ந்து கேட்கின்றன. மூன்று முறை போய்வந்தால், மூன்று பேர் ஆளுக்கொரு நேரத்தில் தட்டுவது போல் இருக்கிறது. ஒவ்வொரு முறை உள்ளே போகும்போதும் நினைவகம் ஏறத்தாழ 9 எம்பி கூடுகிறது, குறைவதே இல்லை. அந்தத் திரையில் 1500க்கு 1500 பிக்சல் அளவில் ஒரு மிருதங்கப் படம் உண்டு. அதை ஃபைலிலிருந்து நேராகப் படிக்கிறேன்.

டைமரை, திரை உருவாகும்போது ஓடும் வியூ டிட் லோடில் தொடங்குகிறேன். இடைவெளி 0.5 நொடி, டார்கெட் செல்ஃப் (அதாவது இந்தத் திரையே), ரிப்பீட்ஸ் ட்ரூ. திரை நினைவகத்திலிருந்து நீங்கும்போது ஓடும் டீஇனிட்டில் அதை இன்வாலிடேட் செய்கிறேன், அதாவது நிரந்தரமாக நிறுத்துகிறேன்; கூடவே ஒரு பிரிண்ட் வரியும் போட்டிருக்கிறேன். அந்த வரி இதுவரை ஒரு தடவைகூட கன்சோலில் வந்ததில்லை.

டைமர் மாறியை வீக் (பொருளைப் பிடித்து வைக்காத மாறி) என்று அறிவித்துப் பார்த்தேன். மாற்றமில்லை. திரை மறையும்போது அதை நில் (வெறுமை) ஆக்கினேன். அதற்கும் மாற்றமில்லை. இன்ஸ்ட்ருமென்ட்ஸில், நினைவகக் கசிவைத் தேடும் லீக்ஸ் கருவியை ஓடவிட்டால், கசிவு எதுவும் இல்லை என்கிறது. கசிவு இல்லையென்றால் இந்த 9 எம்பி எங்கே போகிறது? நான்கு நாளாக இதிலேயே நிற்கிறேன்.

இரவுப்பணி

இன்வாலிடேட்டை டீஇனிட்டிலிருந்து எடுத்து, திரை மறையும் முன் ஓடும் வியூ வில் டிஸப்பியரில் போடுங்கள். டைமர் தொடங்கும் வரியை, திரை தோன்றும் முன் ஓடும் வியூ வில் அப்பியருக்கு மாற்றுங்கள். தட்டு நின்றுவிடும். காரணத்தை யாராவது விவரமாக எழுதுவார்கள், எனக்கு இப்போது பணி நேரம்.

ஜாவாவிலிருந்து

குறுக்கே ஒரு கேள்வி. நான் ஆண்ட்ராய்டு பக்கம். அங்கே, பயன்படாத பொருள்களைத் தானே தேடி நீக்கும் கார்பேஜ் கலெக்டர் இருக்கிறது. ஸ்விஃப்ட்டில் அது இல்லாததால்தான் இப்படி ஆகிறதா?

பழைய ஆப்ஜெக்டிவ்-சி ஆள்

இருவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

ஸ்விஃப்ட்டில் நினைவகத்தைப் பார்த்துக்கொள்வது ஏஆர்சி (தானாக நடக்கும் பிடி எண்ணிக்கை). ஸ்விஃப்ட்டுக்கு முந்தைய ஆப்ஜெக்டிவ்-சி மொழிக்கு 2011இல், ஆப்பிளின் நிரலெழுதும் கருவியான எக்ஸ்கோட் 4.2 உடன் வந்தது. அதற்கு முன் ரீடெய்ன் (பிடி), ரிலீஸ் (விடு) எல்லாவற்றையும் நாங்கள் கையால் எழுதினோம். ஒரு ரிலீஸ் விட்டுப்போனால் கசிவு, ஒன்று கூடிப்போனால் செயலி விழுந்துவிடும். ஏஆர்சி செய்வது, அந்த வரிகளை கம்பைலரே பொருத்தமான இடங்களில் சேர்த்துவிடுவதுதான். ஒரு பொருளை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று எண்ணிக்கை வைத்துக்கொள்ளும்; அது சுழியமாகும் கணத்தில் டீஇனிட் ஓடும், நினைவகம் விடுபடும். பின்னணியில் சுற்றிவந்து தேடிப் பெருக்குகிறவர் யாரும் இல்லை.

ஆகவே டீஇனிட் ஓடவில்லையென்றால் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இந்தத் திரையை இன்னும் யார் பிடித்திருக்கிறார்கள்?

உங்கள் கோடில் அது டைமர். டார்கெட் என்று கொடுக்கிற பொருளை டைமர் வலுவாகப் பிடித்துக்கொள்ளும். இன்வாலிடேட் செய்யும்வரை விடாது. சரி, டைமரை யார் பிடித்திருக்கிறார்கள்? நீங்கள் இல்லை, ரன் லூப்; அதாவது நிகழ்வுகளுக்காகக் காத்திருந்து அவற்றை ஓடவிடும் சுழற்சி. ஷெட்யூல் செய்த கணத்திலேயே அது டைமரை எடுத்துக்கொண்டுவிட்டது. ரன் லூப் டைமரைப் பிடித்திருக்கிறது, டைமர் உங்கள் திரையைப் பிடித்திருக்கிறது. மெயின் ரன் லூப் செயலி மூடும்வரை சாகாது. திரை விடுபட்டால்தான் டீஇனிட் ஓடும், டீஇனிட் ஓடினால்தான் டைமர் நிற்கும், டைமர் நின்றால்தான் திரை விடுபடும். அதனால்தான் எதுவுமே நடக்கவில்லை.

நீங்கள் செய்த இரண்டு முயற்சிகளும் பலிக்காதது ஏன் என்பதும் இதிலேயே இருக்கிறது. வீக் என்று அறிவித்தது திரையிலிருந்து டைமருக்குப் போகிற பிடியைத்தான். சிக்கல் எதிர்த் திசையில் இருக்கிறது. நில் ஆக்கியபோதும் நீங்கள் உங்கள் கையைத்தான் எடுத்தீர்கள், ரன் லூப் தன் கையை எடுக்கவில்லை. அதோடு, நிறுத்துவதற்கு உங்களிடம் இருந்த ஒரே வழியும் போய்விட்டது.

இதை எல்லோரும் ரீடெய்ன் சைக்கிள் (ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும் சுழல்) என்று சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மாறியை வீக் ஆக்கிய பிறகு உங்கள் கோடில் சுழலே கிடையாது. இருப்பது வெளியிலிருந்து வருகிற ஒரு நேர்கோட்டுப் பிடி. லீக்ஸ் கருவி எதுவும் காட்டாததற்கும் காரணம் அதுதான். அது தேடுவது, செயலியின் எந்த இடத்திலிருந்தும் எட்ட முடியாமல் தனித்துப்போன பொருள்களை. உங்கள் திரையை ரன் லூப் வழியாக எட்ட முடிகிறது, அதனால் அதன் கணக்கில் அது கசிவு அல்ல. படத்தின் கணக்கையும் பாருங்கள்: 1500 × 1500 பிக்சல், ஒவ்வொன்றுக்கும் 4 பைட், மொத்தம் 90 லட்சம் பைட். நீங்கள் சொன்ன 9 எம்பி அதுதான். போய்வந்த ஒவ்வொரு முறைக்கும் ஒரு முழுத் திரை உள்ளே உயிரோடு நிற்கிறது.

ஆண்ட்ராய்டு நண்பருக்கு: இந்த இடத்தில் கலெக்டர் இருந்தாலும் காப்பாற்றாது. செயலி ஓடும்வரை வாழும் ஒரு ஸ்டாட்டிக் மாறி, ஆக்டிவிட்டி எனப்படும் திரையைப் பிடித்திருந்தால் ஜாவாவிலும் அது போகாது, இல்லையா? அதே கதைதான். இரண்டு பொருள்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு, வெளியே யாரும் பிடிக்காமல் இருந்தால் கலெக்டர் பெருக்கிவிடும், ஏஆர்சி பெருக்காது. வித்தியாசம் அங்கேதான். ஆப்ஜெக்டிவ்-சிக்கே மேக்கில் 2007இல் கார்பேஜ் கலெக்டர் வந்தது. ஐபோனுக்கு அது வரவே இல்லை, மேக்கிலும் 2012இல் கைவிடப்பட்டது.

மிருதங்க மாணவி

மிக்க நன்றி அண்ணா. ரன் லூப் ஒன்று நடுவில் இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது. இரவுப்பணி சொன்னபடி மாற்றினேன். திரும்பி வந்ததும் தட்டு நிற்கிறது, இரட்டைச் சத்தமும் போய்விட்டது.

ஆனால் டீஇனிட் இன்னும் ஓடவில்லை. 9 எம்பியும் கூடிக்கொண்டேதான் இருக்கிறது. எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்ற ரீடெய்ன் கவுண்ட்டை அச்சிட்டுப் பார்க்கலாமா?

பழைய ஆப்ஜெக்டிவ்-சி ஆள்

வேண்டாம். அந்த எண்ணை நம்பி நான் நாட்கணக்கில் வீணடித்திருக்கிறேன். இடையில் யார் யாரோ சற்று நேரம் பிடித்து விடுவார்கள், அதனால் எண் நமக்கு எதையும் சொல்லாது. எத்தனை பேர் என்பதைவிட யார் என்பதுதான் நமக்கு வேண்டும். அதை மெமரி கிராஃப் காட்டும்.

கிராஃப் பார்ப்பவள்

அந்த வழி இதோ. ஸ்கீம் அமைப்பில் டயக்னாஸ்டிக்ஸ் பகுதிக்குப் போய் மாலாக் ஸ்டாக் லாகிங்கை இயக்குங்கள். செயலியை ஓடவிட்டு, தாளத் திரைக்குள் மூன்று முறை போய்வாருங்கள். பட்டியலில் நிற்கும்போது, எக்ஸ்கோடின் கீழ்ப்பட்டையில் மூன்று வட்டங்களை இணைத்தது போல் இருக்கும் பொத்தானை அழுத்துங்கள். இடப்பக்கம் உங்கள் திரையின் கிளாஸ் பெயரைத் தேடுங்கள். பக்கத்தில் 3 என்று இருக்கும். ஒன்றைத் தொட்டால், அதை யார் பிடித்திருக்கிறார்கள் என்பது கோடுகளாக விரியும். அழுத்தமான கோடு வலுவான பிடி. ஸ்டாக் லாகிங் இயங்குவதால், நீங்கள் தொட்ட பொருள் எந்த வரியில் உருவானது என்பதும் வலப்பக்கம் தெரியும்.

லீக்ஸுக்கு முன்னால் இதைப் பாருங்கள் என்றுதான் புதிதாக வருகிறவர்களிடம் நான் எப்போதும் சொல்வது.

மிருதங்க மாணவி

அக்கா, கிடைத்துவிட்டது! மூன்று திரைகள் அப்படியே நிற்கின்றன. செயலிக்குள் அறிவிப்புகளைக் கொண்டுசேர்க்கும் நோட்டிஃபிகேஷன் சென்டரில் தொடங்கி, ஒரு க்ளோஷர் (பிற்பாடு ஓடக் கொடுத்துவைக்கும் நிரல் துண்டு) வழியாகக் கோடு வருகிறது.

பயிற்சியின் நடுவில் ஃபோன் அழைப்பு வந்தால் தாளத்தை நிறுத்த, ஆடியோ இடையூறு அறிவிப்புக்கு ஆட் அப்சர்வர் எழுதியிருந்தேன். க்ளோஷர் கொடுக்கிற வகை. உள்ளே செல்ஃப் டாட் நிறுத்து என்று இருக்கிறது. கம்பைலர் செல்ஃப் சேர்க்கச் சொன்னது, நானும் யோசிக்காமல் சேர்த்துவிட்டேன். ஆனால் டீஇனிட்டில் ரிமூவ் அப்சர்வர் செல்ஃப் என்று எழுதித்தானே வைத்திருக்கிறேன்?

கிராஃப் பார்ப்பவள்

அதில் இரண்டு தவறுகள். முதலாவது முன்பு நடந்ததேதான்: டீஇனிட் ஓடினால் விடுவிப்பேன் என்று எழுதியிருக்கிறீர்கள், விடுவிக்காமல் டீஇனிட் ஓடாது. இரண்டாவது, க்ளோஷர் வகையில் பதிவானது செல்ஃப் இல்லை. ஆட் அப்சர்வர் திருப்பித் தருகிற டோக்கன்தான் அப்சர்வர். ரிமூவ் அப்சர்வரிடம் செல்ஃபைக் கொடுத்தால் அது எதையும் நீக்காது, பிழையும் சொல்லாது. அந்த டோக்கனை நீங்கள் எங்கேயும் வைத்துக்கொள்ளவில்லை என்று நினைக்கிறேன்.

டோக்கனை ஒரு ப்ராப்பர்ட்டியில் வையுங்கள். க்ளோஷர் தொடங்கும் இடத்தில், சதுர அடைப்புக்குள் வீக் செல்ஃப் என்று எழுதுங்கள். பிறகு டீஇனிட்டில் ரிமூவ் அப்சர்வருக்கு டோக்கனைக் கொடுங்கள். இப்போது டீஇனிட் ஓடும், ஏனென்றால் க்ளோஷர் திரையைப் பிடிக்கவில்லை. செலக்டர் (ஓட வேண்டிய செயலின் பெயர்) கொடுக்கிற பழைய வகைக்கு ஐஓஎஸ் 9 முதல் ரிமூவ் தேவையில்லை. அதைப் படித்துவிட்டு க்ளோஷர் வகைக்கும் தேவையில்லை என்று நினைக்கிறவர்கள் நிறைய.

செல்ஃப் எழுதச் சொல்லி கம்பைலர் நிறுத்துகிறதல்லவா, அது இதற்காகத்தான். இந்த க்ளோஷர் பிற்பாடு ஓடும், அதுவரை செல்ஃபைப் பிடித்துக்கொள்ளும் என்று எச்சரிக்கிறது.

ஜாவாவிலிருந்து

வீக்குக்குப் பதில் அன்ஓன்டு போட்டால், செல்ஃபுக்குப் பின் எழுத வேண்டிய அந்தக் கேள்விக்குறி எல்லாம் வேண்டாமே?

பழைய ஆப்ஜெக்டிவ்-சி ஆள்

இங்கே போடக்கூடாது. பொருள் போய்விட்டால் வீக் தானாக நில் ஆகிவிடும். அன்ஓன்டு ஆகாது, போன பொருளைத் தொட்ட கணத்தில் செயலி விழும். அறிவிப்பு எப்போது வரும் என்பது நம் கையில் இல்லாத இடத்தில் அந்த ஆபத்து தேவையில்லை.

டைமருக்கும் இதே போல் க்ளோஷர் வகை ஐஓஎஸ் 10 முதல் உண்டு. அதில் வீக் செல்ஃப் போட்டால் திரை விடுபடும், ஆனால் ரன் லூப் டைமரைப் பிடித்தேதான் இருக்கும். வெறுமனே அரை நொடிக்கு ஒருமுறை ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே இன்வாலிடேட் அப்போதும் வேண்டும். எந்தத் த்ரெடில் டைமரைத் தொடங்கினீர்களோ, அதே த்ரெடிலிருந்து செய்யுங்கள். இணையத்தோடு பேசும் யூஆர்எல் செஷனும், தான் தகவல் சொல்ல வேண்டிய பொருளான டெலிகேட்டை இப்படித்தான் வலுவாகப் பிடிக்கும், இன்வாலிடேட் செய்யாமல் விடாது. பிற்பாடு இணையத்திலிருந்து பாடங்கள் இறக்க நினைத்தால் இதை மறக்காதீர்கள்.

இரவுப்பணி

பணி முடிந்தது. நான் முதலில் சொன்னதில் ஒன்று விட்டுப்போனது. தாளத் திரையின் மேல் வேறு திரையை ஷீட்டாக (மேலே எழும் அட்டை போல) திறந்தால் வியூ வில் டிஸப்பியர் வராது. ஐஓஎஸ் 13 முதல் ப்ரெசென்ட் செய்தால் இயல்பாக வருவது ஷீட்தான். ஆகவே அமைப்புகள் திரையை அப்படித் திறக்கிறீர்களென்றால், அடியில் தாளம் தொடரும். தொடர வேண்டாமென்றால் நீங்களே நிறுத்த வேண்டும்.

மிருதங்க மாணவி

செய்துவிட்டேன். பத்து முறை உள்ளே போய்வந்தேன், கன்சோலில் பத்து டீஇனிட் வரிகள். நினைவகம் 9 எம்பி ஏறுகிறது, திரும்பினால் இறங்குகிறது. அந்தப் பத்து வரிகளைப் பார்த்தபோது வந்த மகிழ்ச்சியைச் சொல்லத் தெரியவில்லை.

ஒன்று மட்டும் மீதம். சில நேரம் தட்டு லேசாகத் தள்ளி விழுகிறது. வாசிக்கும்போது கை உணர்கிறது.

பழைய ஆப்ஜெக்டிவ்-சி ஆள்

உங்கள் கை சொல்வது சரி. டைமர் தாளத்துக்கு ஏற்ற கருவி இல்லை. ரன் லூப் வேறு வேலையில் இருந்தால் அது காத்திருக்கும்; பட்டியலை ஸ்க்ரோல் செய்யும்போது, ரன் லூப்பின் காமன் மோடில் சேர்க்காவிட்டால் நின்றேபோகும். 50 மில்லி நொடி தள்ளினாலே உங்கள் 500 மில்லி நொடி அட்சரத்தில் பத்தில் ஒரு பங்கு போயிற்று.

ஆப்பிளின் ஒலிக் கருவியான ஏவி ஆடியோ எஞ்சினுக்கு மாறுங்கள். ஒவ்வொரு தட்டையும் எந்த சாம்பிளில் (ஒலியின் மிகச் சிறிய அளவீட்டுத் துண்டு) தொடங்க வேண்டும் என்று ப்ளேயர் நோடுக்கு முன்கூட்டியே சொல்லிவிடலாம். நொடிக்கு 44,100 சாம்பிள் என்றால் உங்கள் அட்சரம் 22,050 சாம்பிள், எட்டு அட்சரம் கொண்ட ஓர் ஆவர்த்தனம் 1,76,400. டைமரைத் திரையில் விளக்கு எரியவிட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பஃபர் முடிந்ததும் அடுத்ததைச் சேர்க்க அங்கேயும் ஒரு க்ளோஷர் கொடுப்பீர்கள். அதிலும் வீக் செல்ஃப்.

மிருதங்க மாணவி

இன்று இரவே தொடங்குகிறேன் அண்ணா. டீஇனிட்டில் உள்ள பிரிண்ட் வரியை அப்படியே விட்டு வைக்கிறேன்.